இன்னாசி சார் உட்காரச் சொல்லவில்லை

பஞ்சவர்ணம் அக்கா சொன்ன இந்தக் கதையை நான் முப்பது வருஷமாக நம்பவில்லை. நம்பாமல் இருக்க எனக்குக் காரணங்கள் இருந்தன. ஓதுவான்பாறையில் குவாரியும் கிரஷரும் ஓடிய காலத்தில் கை போனவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள், ஒவ்வொருவரிடமும் அந்தக் கைக்கு ஒரு கதை இருந்தது. அக்காவிடம் இருந்தது கொஞ்சம் பெரிய கதை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். நானும் அந்த ஊரில் பிறந்தவன்தான். அது நடந்ததாக அவர் சொல்கிற வருஷம் எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் எல்லாரும் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு திரிந்தது மட்டும் புகைபோல நினைவிருக்கிறது, அதையும் எங்கோ திருவிழாவில் பார்த்ததாகச் சொல்லிச் சமாளித்துவிடலாம். ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்திக்கொண்டே இருந்தன. அந்த ஊரில் முடிவெட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டிய எந்தத் தலையைத் தொட்டாலும் உச்சியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு விரலில் தட்டுகிறது என்று ஒருநாள் என் தலையை வைத்துக்கொண்டே சொன்னார். இன்னொன்று, எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் எனக்குச் சொல்லித்தராத நூற்று நான்கு ஆங்கில வினைகள், ஒவ்வொன்றும் மூன்று உருவமாக, எப்போது கேட்டாலும் என் வாயில் வந்து நிற்கின்றன.

பஞ்சவர்ணத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளுடைய அப்பா சின்னாண்டி, பாறையில் துளை போட்டு மருந்து திணித்துத் திரி கொளுத்துகிறவர். இருபது வருஷம் வெடிக்குப் பக்கத்திலேயே நின்றதில் இரண்டு காதும் செத்துப்போய், உலகம் அவருக்கு வெறும் வாயசைப்பாக ஆகிவிட்டிருந்தது. அம்மா காலமாகி வெகுநாள். பஞ்சவர்ணம் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் குவாரியில் உட்கார்ந்து ஜல்லி உடைப்பாள், அப்புறம் கைகாலைக் கழுவிக்கொண்டு, தாவணியில் ஒட்டிய கல்தூசியை உதறிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் நடந்த இன்னாசி சாருடைய பத்து மணி டுடோரியலுக்குப் போவாள். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் நான்கு மார்க்கில் போய்விட்டது. அது கிடைத்துவிட்டால் பால்வாடி டீச்சர் வேலைக்கு எழுதிப் போடலாம். சுத்தியலைக் கீழே வைத்துவிடலாம்.

அந்த டுடோரியலில் இருபத்திமூன்று பேர் படித்தார்கள். எல்லாரும் ஃபெயிலானவர்கள், எல்லாரும் வளர்ந்தவர்கள். லாரி கிளீனர் ஒருவர், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி, குவாரி முதலாளி கோட்டைச்சாமியின் மச்சினன் ஒருவன். இன்னாசி சார் சுவரில் ஒரு சார்ட் மாட்டியிருந்தார், அதில் நூற்று நான்கு வினைகள். "மத்த வார்த்தையெல்லாம் பசுமாடு, பின்னால ஒரு வாலை ஒட்டினா பழசாயிரும்," என்பார். "இந்த நூத்தி நாலும் காட்டு மாடு. நேத்து என்ன உருவம், முந்தாநேத்து என்ன உருவம்னு அதுவாத்தான் முடிவு பண்ணும். அடிச்சுத்தான் படிய வைக்கணும்." ஆனால் அவர் தன் கையால் ஒருவரையும் தொட்டதில்லை, அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. அவருடைய வகுப்பில் ஒரே சட்டம்தான்: தெரிந்தவர் தெரியாதவரைக் குட்ட வேண்டும். வார்த்தையைக் கேட்பார், தெரியாதவர்கள் வரிசையாக எழுந்து நிற்பார்கள், தெரிந்தவர் சரியாகச் சொல்லிவிட்டு வரிசையின் முதலிலிருந்து கடைசி வரைக்கும் உச்சந்தலையில் குட்டிக்கொண்டே போக வேண்டும், முடிந்ததும் சார் "உட்காருங்க" என்பார், அதுவரைக்கும் யாரும் உட்காரக் கூடாது.

தெரிந்தவள் எப்போதும் பஞ்சவர்ணம்தான். அவள் அந்த நூற்று நான்கையும் ஜல்லி உடைத்துக்கொண்டே படித்தாள், ஒரு கல்லுக்கு மூன்று அடி, ஒரு வார்த்தைக்கு மூன்று உருவம். கோ என்று ஓங்கினால் வென்ட் என்று கல் விரியும், கான் என்று பிளக்கும். பிரேக், புரோக், புரோக்கன். ஃபால், ஃபெல், ஃபாலன். அப்படிப் படித்தவளுடைய கையும் கல்லுடைக்கிற கை. மற்றவர்கள் குட்டினால் வலிக்கும், அவள் குட்டினால் கண்ணில் பொறி பறக்கும், மறுநாள் சீப்பு படாது. கோட்டைச்சாமியின் மச்சினன் எங்கே போனாலும் முன்னால் வழிவிட்டு ஒதுங்கி நின்றே பழகியவளுக்கு, முதல் தடவை அவன் தலையில் குட்டியபோது முட்டியிலிருந்து தோள்வரைக்கும் ஒரு இனிப்பு ஏறியது என்று அக்கா என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "எழுதிக்க தம்பி, அதையும் எழுதிக்க," என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிகிற நேரத்தில், இன்னாசி சார் "டேர்" என்று கேட்டார். அன்று வந்திருந்தவர்களில் அவளைத் தவிர பதினேழு பேரும் எழுந்து நின்றார்கள். பஞ்சவர்ணம், "டேர், டோர், டோர்ன்" என்று சொல்லிவிட்டு வரிசையில் இறங்கினாள். ஆறு தலை ஆயிற்று. ஏழாவது தலைக்குக் கையை ஓங்கும்போது சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்தார், சாக்பீஸ் டப்பா உருண்டது, அவ்வளவுதான். அவர் இறந்துவிட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஆனாலும் பதினேழு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள், பஞ்சவர்ணமும் ஓங்கிய கையை இறக்காமல் நின்றாள், ஏனென்றால் சார் உட்காருங்க என்று சொல்லவில்லை. உரக்கடைக்காரர் வாடகைக்காக மேலே ஏறி வந்து, "என்னய்யா, பொணத்தை வச்சுக்கிட்டு அசெம்பிளி நடத்துறீங்களா?" என்று கத்திய பிறகுதான் அவர்களுக்கு முழங்கால் மடங்கியது. புதன்கிழமை அடக்கம் நடந்தது.

வியாழக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு, டீக்கடை அமீது பாய் ஆற்றிக்கொண்டிருந்த டீ கீழே இறங்கி வருகிற அந்த இடைவெளியில், அவர் காதுக்குள் இன்னாசி சாருடைய குரல் "ட்ரிங்க்" என்றது. பாய் பின்னால் திரும்பி, "யாரு?" என்றார். ணங்கென்று உச்சந்தலையில் ஒரு குட்டு விழுந்தது, டீ கால்மேல் விழுந்தது. அடுத்தது கீரை விற்கிறவள், அடுத்தது மதுரை பஸ்ஸின் கண்டக்டர், அடுத்தது சாமிக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்த பூசாரி. குவாரி ஆபீஸில் சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோட்டைச்சாமிக்கு "ரைஸ்" வந்தது, அவர் சாப்பாட்டைக் கேட்கிறார்கள் என்று நினைத்து "இன்னும் இல்லை" என்றார், விழுந்த குட்டில் நாற்காலியோடு இரண்டு சுற்றுச் சுற்றி ஆட்கள் பார்க்கப் பார்க்கத் தரையில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி வரைக்கும், அந்தச் சார்ட் மூன்று தடவை முழுதாகச் சுற்றி வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்வி, ஏறக்குறைய அத்தனை குட்டு.

குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தின் வலதுகை அதே பத்து மணிக்குச் சுத்தியலை விட்டுவிட்டது. விரல்கள் தாமாக மடங்கி முட்டி ஆயிற்று, முட்டி தானாக உயர்ந்து வெறும் காற்றில் இறங்கியது, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு தலையின் கெட்டித்தனம் அவளுக்குக் கைக்குத் தெரிந்தது, இது வழுக்கை, இது எண்ணெய்த் தலை, இது பூ வைத்த தலை என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிந்தது. மத்தியானத்துக்குள் நடுவிரல் முட்டியின் தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. சுற்றியிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்று சாயந்தரத்துக்குள் அது யாருடைய குட்டு என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

முதலில் அடிக்கத்தான் வந்தார்கள். பெண்கள் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள், ஒருத்தி காதுத் தோட்டோடு சேர்த்துச் சதையையும் பிய்த்தாள். மறுநாள் கோட்டைச்சாமியின் ஆட்கள் அவளுடைய வலதுகையை ஒரு அரைமணங்குக் கல்லோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பத்து மணி ஆயிற்று. கை கல்லோடு எழுந்தது. அன்றைய முதல் கேள்வி தபால்காரருக்கு வந்திருந்தது, அவர் தலையில் குட்டோடு கல்லின் பாரமும் சேர்ந்து இறங்கியது, மண்டை பிளந்து கடிதக்கட்டின் மேல் மூளை தெரிய விழுந்தார். "அவுருங்கடா! அவுருங்கடா கட்டை!" என்று கோட்டைச்சாமியே ஓடிவந்து கயிற்றை அறுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கையை யாரும் தொடவில்லை.

தொட முடியாத ஒன்றோடு எப்படி வாழ்வது என்பதில் அந்த ஊருக்குப் பழக்கம் உண்டு, தினமும் நான்கு மணிக்கு வெடி வெடிக்கிற ஊர் அது, அந்த நேரத்துக்குச் சுவரோடு ஒட்டி நிற்கப் பிள்ளைகள்கூடப் பழகியிருந்தன. ஆகவே பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எல்லாரும் சும்மாடு கட்டிக்கொண்டார்கள். பெண்கள் பழம்புடவையைச் சுருட்டி வைத்தார்கள், ஆண்கள் துண்டை, பேங்க் மேனேஜர் ஒரு எவர்சில்வர் பேசினைக் கவிழ்த்து நாடா கட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் வருகிற முகூர்த்தங்களை ஐயரும் ஜோசியரும் சேர்ந்து பஞ்சாங்கத்திலிருந்து அடித்துவிட்டார்கள். மதுரை பஸ் ஊருக்குள் நுழையும்போது கண்டக்டர், "தெரியாதவங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுக்குங்க, பையைத் தலையில வச்சுக்குங்க," என்று விசில் அடித்தார். குட்டைப் பற்றி விசாரிக்க வந்த ஏட்டு பத்தேகாலுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, சாயந்தரம் திரும்பிப் போகும்போது முப்பது வார்த்தை படித்திருந்தார்.

படிக்கத்தான் வேண்டும் என்று புரிந்ததும் ஊர் படித்தது. கட்சிக்காரர்கள் சின்னத்தை அழித்துவிட்டு அந்தச் சுவர்களில் சார்ட்டை எழுதிக்கொடுத்தார்கள். ஊருணியில் தண்ணீர் மொள்ளுகிற பெண்கள் முதல் படியில் கம், இரண்டாம் படியில் கேம், மூன்றாம் படியில் கம் என்று இறங்கினார்கள். கோயில் குழாய் ரேடியோ ஒரு பக்கமும் பள்ளிவாசல் குழாய் ஒரு பக்கமும் சொல்ல, டூரிங் டாக்கீஸில் இடைவேளை ஸ்லைடில் ஓட, பால்குடி மறந்த பிள்ளையிலிருந்து எழுந்து நிற்க முடியாத கிழவர் வரைக்கும் அந்த நாலாயிரம் பேரும் நூற்று நான்கு காட்டு மாடுகளையும் தொழுவத்தில் கட்டினார்கள். அதற்கு மூன்று மாதம் பிடித்தது.

படிக்கப் படிக்க இன்னொன்றும் சேர்ந்து வந்தது. புருஷன் பெண்டாட்டியைக் கேட்டான், தெரியவில்லை என்றால் குட்டினான். மாமியார் மருமகளை, கடைக்காரர் வேலையாளை, மறுநாள் மருமகள் படித்துவிட்டு வந்து மாமியாரை. தெரிந்தவர் தெரியாதவரைக் குட்டினால் பஞ்சவர்ணத்தின் கையிலிருந்து வருகிற குட்டு குறையும் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று பிறகு கேட்டபோது யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற வெளியூர்க்காரர் ஒருவர் அந்தச் சமயத்தில் சைக்கிளில் வந்து புளியமரத்தடியில் துருத்தியை வைத்தார். பத்தரைக்கு அவர் காதுக்குள் ஏதோ கேட்டது. "யாருங்க கூப்பிட்டது?" என்றார். ஒரு குட்டு விழுந்தது, அது பஞ்சவர்ணத்தினுடையது.

"என்ன வார்த்தைய்யா கேட்டுச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் அமீது பாய்.

"ஸீ-ன்னு என்னமோ கேட்டுச்சுங்க."

"இதுகூடத் தெரியாதா? ஸீ, ஸா, ஸீன். சொல்லு."

"எனக்கு அதெல்லாம் வராதுங்க, ஈயம்தான் வரும்."

அதற்கும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவர் குட்டினார், இன்னொருவர் குட்டினார், பிறகு யாரும் சிரிக்கவில்லை, குட்ட மட்டும் செய்தார்கள். ஈயக்காரர் ஊருணிப் பக்கம் ஓடினார். அடுத்த நாள் படியோரம் மிதந்தார், பாசியில் வழுக்கிவிட்டது என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த மனிதர் தலையில் தன்னுடையது ஒன்றுதான் என்று பஞ்சவர்ணம் எண்ணி வைத்திருந்தாள். மற்றவை எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

நாலாயிரம் பேரும் படித்து முடித்த பிறகு பதில் சொல்ல முடியாதவர் ஊரில் ஒரே ஒருவர் இருந்தார். சின்னாண்டிக்கு வார்த்தைகளைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டமில்லை, மகள் வாயைப் பார்த்தே அவர் பாதியைப் படித்துவிட்டார். கேட்கப்படுவது எந்த வார்த்தை என்பதுதான் அவருக்குத் தெரியாது. கேள்வி கேட்கப்படுகிறவர் காதுக்குள் மட்டும் வரும், அவருக்குக் காது இல்லை, பக்கத்தில் நிற்கிறவருக்கு அது கேட்காது. குரல் ஒருவரைக் கேட்டு, அவர் பதில் சொல்லிவிட, அடுத்தவரைக் கேட்டு, அவரும் சொல்லிவிட, பதில் வராத தலையைத் தேடிக்கொண்டே போய்ச் சின்னாண்டியிடம் வந்து நின்றது. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஐந்து. அப்புறம் இருபது. அப்புறம் குரலுக்கு வழி தெரிந்துவிட்டது, வேறு யாரையும் கேட்பதையே விட்டுவிட்டது, முந்நூற்றுப் பன்னிரண்டும் ஒரே தலைக்கு வந்தது.

பஞ்சவர்ணம் பத்து மணிக்கு முன்னால் வலதுகை மணிக்கட்டைப் பல்லால் கடித்துக்கொள்வாள், இடதுகையால் பிடித்துக்கொண்டு தரையில் புரளுவாள், வேகத்தைக் கால்வாசி குறைக்க முடிந்தது, அதற்குமேல் முடியவில்லை. மூன்று புடவையைச் சுருட்டி, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து அப்பா தலையில் கட்டினாள். கூடை இரண்டு நாள் தாங்கியது. அவருக்குக் காதிலிருந்து ரத்தம் வந்தது, பிறகு மூக்கிலிருந்து, பிறகு சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிற வழி கைக்கு மறக்க ஆரம்பித்தது.

ஊர் சும்மாட்டை அவிழ்த்துவிட்டது. சின்னாண்டி வீட்டுக்கு எண்ணெய் வந்தது, இளநீர் வந்தது, ஒருத்தி மாலைகூடப் போட்டாள், ஊருக்காகத் தாங்குகிறார் என்று தெருவில் போகிறபோது கும்பிட்டார்கள். எல்லாக் குட்டும் அவருக்கே வர ஆரம்பித்த பதினோராவது நாள் காலை எட்டு மணிக்கு பஞ்சவர்ணம் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். பஸ்ஸுக்குக் குறுக்கே கோட்டைச்சாமியின் ஜீப் நின்றது.

"எங்கிட்டு கிளம்பியாச்சு?"

"திருப்புவனத்துல அத்தை வீட்டுக்கு, மொதலாளி. அப்பாவுக்கு மண்டையெல்லாம் ரணம். பத்து நாள் இருந்துட்டு வாறோம்."

"பத்து நாளும் இங்க யாரு தலையைக் குடுக்கிறது? எங்க ஆத்தா தலையையா?"

"எல்லாரும்தான் படிச்சிட்டீகளே. கேட்டாச் சொல்ல வேண்டியதுதானே."

"படிச்சாச்சுதான்," என்றார் கோட்டைச்சாமி, குரலைக் கொஞ்சம் இறக்கி. "ஆனா அந்தாளு கொரல் காதுக்குள்ள வந்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிருது. ஒனக்குத் தெரியாது. நீ குட்டுறவ."

கூட்டத்திலிருந்து ஒருத்தி, "நாங்க சோறுதண்ணி இல்லாமப் படிச்சோம்ல? ஒங்கப்பனை யாரு படிக்க வேண்டாம்னது?" என்றாள்.

"காது கேக்காத மனுசன், மதினி."

"அதுக்கு நாங்க என்ன செய்ய? நாங்களா வெடி வச்சோம்?"

அமீது பாய், "விடுங்க மொதலாளி, பாவம், போயிட்டு வரட்டும்," என்றார். பிறகு டீ கிளாஸைத் துடைத்துக்கொண்டே பஞ்சவர்ணத்தைப் பார்க்காமல், "பத்து நாள்ங்கிறதுதான் ரொம்ப ஜாஸ்தியாத் தெரியுது. ரெண்டு நாள்ல திரும்பிரலாம்ல, தாயி?" என்றார்.

பஸ் அவர்கள் இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து உரக்கடைக்குக் கீழே, மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மரநாற்காலி போட்டு, காலை ஒன்பதரைக்கே சின்னாண்டியைக் கொண்டுவந்து உட்காரவைத்து, பன்னிரண்டு மணிக்கு வீட்டில் விட்டார்கள். விழுந்துவிடாமல் இருக்க இடுப்பில் ஒரு துண்டு கட்டினார்கள், மெத்தென்ற துண்டாகப் பார்த்துத்தான் கட்டினார்கள்.

மறுநாள் விடிகாலையில் பஞ்சவர்ணம் அவர் தலைக்கு வெந்நீர் ஒற்றிக்கொண்டிருந்தாள். எலும்பு சில இடங்களில் அவித்த முட்டையின் ஓடு மாதிரி விரலுக்கு உள்வாங்கியது. காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் அவர் சொன்னார்: "ஒன் குட்டுதானம்மா இது."

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"எனக்குத் தெரியாதா? அந்தக் கையில சுத்தியலைப் பிடிச்சுக் குடுத்ததே நான்தானே." அவர் அவளுடைய முட்டியை எடுத்து, கிழிந்த தோலைத் தடவிப் பார்த்தார். "இத்தனை தடவை விழுகுதுன்னா, நீ நல்லாப் படிச்சிருக்கேன்னுதான் அர்த்தம். பரிட்சையை மட்டும் விட்ராத."

ஒன்பதரைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். அவர்கள் போனதும் பஞ்சவர்ணம் குவாரிக்கு நடந்தாள். நடக்கும்போது அவள் மனசில் வேறு எதுவும் இல்லை, கை இருந்தால்தானே குட்டு என்ற ஒரே கணக்கு. கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு இரும்புத் தாடை, ஒன்று அசையாது, ஒன்று அசைபோடும், மேலே கூடையில் கொட்டுகிற கல் கீழே ஜல்லியாக வரும். அவள் மேடையில் ஏறினாள், ஏற்றுகிற பெண்கள் வழக்கமான ஆள்தானே என்று நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் வலதுகையை முழங்கை வரைக்கும் வாய்க்குள் நீட்டினாள். மிஷின் அதைக் கல் என்றே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட வேகத்தில் அவளையும் இழுத்தது, யாரோ இடுப்பைப் பிடித்தார்கள், மிஷின் நிற்க யாரோ பெல்ட்டைத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்குக் கீழே வந்த ஜல்லியில் ஒரு கூடை சிவப்பாக வந்தது, அதை ஒதுக்கி வைத்தார்கள்.

அவளுக்கு மயக்கம் வரவில்லை. புடவைத் துணியால் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டி, ஜல்லி டிராக்டரில் கிடத்தி, பஸ் ஸ்டாண்ட் வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள் என்று டிராக்டர் ஓட்டியவர் சொன்னாராம். கூட்டத்துக்கு நடுவில் டிராக்டர் நின்றபோது மணி பத்து. எதிரே மாடிப்படிக்குக் கீழே அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவளைப் பார்த்தார், கையிருந்த இடத்தைப் பார்த்தார், எழுந்திருக்கப் பார்த்தார், துண்டு விடவில்லை.

அப்போது அமீது பாயின் வலதுகை டீ கிளாஸை விட்டது. விரல்கள் மடங்கின, முட்டி உயர்ந்தது. ஜீப் ஸ்டியரிங்கிலிருந்து கோட்டைச்சாமியின் கை உயர்ந்தது. உரக்கடைக்காரர் கை, கண்டக்டர் கை, சூடத்தட்டைப் போட்டுவிட்டுப் பூசாரியின் கை, ஊருணிப் படியில் குடத்தை விட்டுவிட்டு வரிசையாகப் பெண்களின் கைகள், பள்ளிக்கூடத்து மைதானத்தில் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் கைகள், தொட்டிலுக்குப் பக்கத்தில் கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்த கைகள். தெரிந்தவர் தெரியாதவரைக் குட்ட வேண்டும். இத்தனை நாள் அதைச் செய்த கை போய்விட்டது, ஆனால் தெரிந்தவர்கள் இப்போது நாலாயிரம் பேர். இதை ஏன் தான் யோசிக்கவில்லை என்று பஞ்சவர்ணம் நாற்பத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவள் "வேண்டாம், எப்பா, குனி!" என்று கத்தியது கேட்காத ஒரே ஆள் அந்தத் தெருவில் அப்பாதான்.

நாலாயிரம் முட்டியும் ஒன்றாக இறங்கின. ஒரு சத்தம்தான் கேட்டது, நான்கு மணி வெடியை யாரோ காலையிலேயே வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் நினைத்தார்களாம். புழுதி அடங்கியபோது நாற்காலி இல்லை, நாற்காலியில் இருந்தவரும் இல்லை. பாறையில் கடப்பாரை இறங்குகிற மாதிரி அவர் தரைக்குள் இறங்கிப் போயிருந்தார், ஒரு ஆள் அகலத்துக்கு வட்டமாக ஒரு துளை, அதன் விளிம்பில் அந்த மெத்தென்ற துண்டின் ஒரு நுனி. அவரிடம் அன்று என்ன வார்த்தை கேட்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு எல்லாருடைய காதுக்குள்ளும் ஒரே நேரத்தில், களைத்துப்போன குரலில், இன்னாசி சார் "உட்காருங்க" என்றார். ஓதுவான்பாறை முழுவதும் நின்ற இடத்தில் உட்கார்ந்தது.

குழி தோண்ட வேண்டியிருக்கவில்லை. சாயந்தரத்துக்குள் ஜல்லியும் சிமெண்டும் கொட்டி மூடினார்கள், அந்த ஊரில் அதற்குக் குறைச்சல் இல்லை. பிறகு அதன்மேல் ஒரு கொடிக்கம்பம் வந்தது, கொடிக்கம்பம் போய் நிழற்குடை வந்தது. எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் எல்லாருடைய வலது நடுவிரல் முட்டியிலும் தோல் கிழிந்திருந்தது. யாரும் யாருடையதையும் பார்க்கவில்லை. அமீது பாய்க்குச் சோடா பாட்டில் வெட்டியது. கோட்டைச்சாமிக்கு ஜீப் கதவு. பூசாரிக்குத் தேங்காய். இந்தப் பெண்ணுக்கு அம்மிக்குழவி, அந்தப் பெண்ணுக்கு உலைமூடி, பிள்ளைகளுக்கு சைக்கிள் செயின், கோலிக்குண்டு, நாய். ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு காயக் கதை அமைந்துவிட்டது, அது பிறகு அவர்களுக்கே நினைவாகவும் ஆகிவிட்டது. சின்னாண்டி குவாரியில் கல் விழுந்து செத்தார் என்றார்கள், மகளுடைய கை அதே நாளில் கிரஷரில் போனது என்றார்கள், அந்தக் குடும்பத்துக்கு நேரம் சரியில்லை என்றார்கள். சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள்.

பஞ்சவர்ணம் இடதுகையால் பரிட்சை எழுதி இங்கிலீஷில் அறுபத்தொன்று வாங்கினாள். பால்வாடி வேலை சிவகங்கைப் பக்கம் கிடைத்தது, முப்பத்திரண்டு வருஷம் பார்த்தாள், ஒரு பிள்ளையையும் தொட்டு அடித்ததில்லை, அடிப்பதற்கு இன்னொரு பிள்ளையைச் சொன்னதும் இல்லை.

போன மாதம் நான் அவரைப் பார்க்கப் போனபோது கொடியிலிருந்து எடுத்த துணிகளை ஒரு கையாலும் தாடையாலும் மடித்துக்கொண்டிருந்தார். பழைய கதையை மறுபடி கேட்டேன். கேட்ட இடத்தில் எதுவும் மாறவில்லை, நான் இத்தனை வருஷம் மாறும் மாறும் என்று காத்திருந்தேன், பொய் என்றால் ஒரு தலையாவது கூடக் குறைய ஆகியிருக்க வேண்டும். துணி மடித்து முடித்துவிட்டு அவர் என் கையைப் பார்த்தார். எல்லாரும் செய்வதைப் போல நானும் வலதுகையை இடதுகைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நடுவிரல் முட்டியில் வெள்ளையாக ஒரு தழும்பு. ஒன்பது வயதில், மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, தெருமுனை அடிபம்பில் தண்ணீர் அடிக்கையில் கைப்பிடி நசுக்கியது என்று என் அம்மா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றேன். "அந்த வருஷம் நம்ம ஊர்ல அடிபம்பு இருந்துச்சா?"